தண்ணீர் பழகட்டும்

கடல்மீன் தொட்டியைக் கூடத்தில் வைத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. உள்ளே உப்புத் தண்ணீரும் கல்லும்தான் இருந்தன.

"மீன் எப்பங்க வரும்?" என்றாள் மனைவி.

"முதல்ல தண்ணி பழகணும். அதுல நல்ல கிருமி வளரணும். அவசரப்பட்டா விட்ட மீனெல்லாம் செத்து மிதக்கும்" என்றார் கணவர்.

மனிதர் ஆளே மாறிப்போனார். சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விடுவார். அவள் சமையலை வாயில் வைக்க முடியவில்லை என்றவர், இப்போது தட்டை வழித்துச் சாப்பிட்டார். தொட்டிக்கு வாங்கிய உப்பு மூட்டைதான் மளமளவென்று காலியானது.

"மறுபடியும் உப்பா?"

"தண்ணி ஆவியாகுதுல்ல? கூடவே உப்பும் போயிடுது."

அடுத்த வாரம் டாக்டரிடம் போனார்கள். அவர் அறையிலும் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க வீட்லயும் இருக்கு டாக்டர். மூணாவது மூட்டை உப்பு ஓடுது!"

டாக்டர் நிமிர்ந்தார். "தண்ணிதாம்மா ஆவியாகும். உப்பு எங்கயும் போகாது."

"அப்ப அவ்வளவு உப்பும் எங்க போச்சு?"

டாக்டர் கணவரின் கையில் சுற்றியிருந்த பிரஷர் பார்க்கும் பட்டையைக் கழற்றினார்.

"சமையல்ல உப்பே போடக்கூடாதுன்னு சொல்லியும் இவருக்கு பிரஷர் ஏன் ஏறிக்கிட்டே போகுதுன்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கே மீன் வாங்கிடலாம்" என்றார் கணவர்.