மான்கறிப் பெட்டியில் பீர்

விஸ்கான்சினின் மே மாத வெயில் கார் ஷெட்டுக்குள் சாய்ந்து விழுகிறது. பழைய ஃப்ரீசருக்கும் அதன் மூடிக்கும் நடுவே லோவெல் மரச்சட்டம் பொருத்தி, அதில் குழாய் வைத்திருக்கிறான். உள்ளே அவனே காய்ச்சிய பீர், பீப்பாயில். அது உறையாமலிருக்க நேற்றே குளிரைக் குறைத்துவிட்டான். கைப்பிடியை இழுக்கிறான், முதலில் வெறும் நுரை சீறுகிறது, பிறகு தேன்நிறத்தில் பீர். மனைவி மார்லிஸ் ஒரு மடக்கு குடித்து, உதட்டு நுரையைப் புறங்கையால் துடைக்கிறாள். "நல்லாத்தான் இருக்கு. ஆமா, இதுல இருந்த மான்கறி எங்க?" அவன் கை கைப்பிடியிலேயே நிற்கிறது. "பீப்பாய்க்குப் பின்னாடி..." அவள் குனிந்து ஒரு கறிப் பொட்டலத்தை அழுத்துகிறாள். விரல் பதிகிறது. "ஒரு முழு மான், லோவெல்!" அவன் அசட்டுச் சிரிப்போடு அவள் குவளையை நிரப்புகிறான். அதை ஏந்தியபடியே அவள் வேலியோரம் போய் அக்கம்பக்கத்து வீடுகளை நோக்கிக் கத்துகிறாள்: "எல்லாரும் தட்டோட வாங்க!"