கூவும் வயது

நட்டநடுச் சந்தில், அதுவும் பட்டப்பகலில், கோழிக்கடை பேச்சிராஜா ஒரு சேவலுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

அன்று காலை மனிதர் பட்டிருந்த அவமானம் அப்படி. கடையில் கூட்டம் நெரிகிற நேரம், தராசில் ஏற்றிய பிராய்லர் கோழி கால் மடங்கிச் சரிந்து, கத்தி படுமுன்பே கண்ணை மூடிவிட்டது. "பீமார் கோழியல்லா விக்காரு, சீக்குக் கோழி!" என்று ஒருத்தி போட்ட சத்தத்தில், தாராவியில் பாதித் தமிழர் முன்னால் அவர் மானம் கப்பலேறியது.

கால் சுருண்டு விழுகிற பிராய்லர் அவருக்கு ஒன்றும் புதிதல்ல. விற்க முடியாத அவற்றை, மூச்சிருக்கும்போதே கடைக்குப் பின்னால் குப்பை கொட்டும் கச்சரா டிரம்மில் போட்டுவிடுவதுதான் வழக்கம். இன்றைக்கு ஊர் பார்த்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி பாண்டுப்பில் இருக்கும் தன் கொட்டகையில் பிராய்லரே வேண்டாம், காலில் பலமுள்ள நல்ல ரகமாக வளர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டார். குஞ்சு ஏஜென்ட் தப்ரேஸும் நாலைந்து ரகத்தைச் சொல்லிவிட்டு, சாயந்தரத்துக்குள் பதில் கேட்டிருந்தான். எதைப் பிடிப்பது, எதை விடுவது? தப்பான ரகத்தில் கையை வைத்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்த யோசனையோடு சந்துக்குள் நுழைந்தபோதுதான் காதில் கூவல் விழுந்தது. இத்தனை வருஷமாகக் கோழியோடு புழங்கினாலும் அவர் கடையில் ஒரு நாளும் எதுவும் கூவியதில்லை. ஆறு வாரத்தில் கத்திக்கு வருகிற கோழிக்குக் கூவல் ஏது?

நிமிர்ந்து பார்த்தால், இட்லி விற்கும் விஜயலட்சுமி வீட்டு இரும்பு ஏணியில் ஒரு வெள்ளைச் சேவல் படிபடியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தது. செக்கச் செவேலென்று கொண்டை, தூண் மாதிரிக் கால். அடேயப்பா! அதைக் கீழே இறக்கச் சொல்லி, கிட்டத்தில் பார்க்கத்தான் இந்த மண்டியிடல்.

"தங்கச்சி, இது என்ன ரகம்?"

விஜயலட்சுமி சேவலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ரகமெல்லாம் எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? சும்மா ஒரு கோழி."

"சும்மாக் கோழியா? ரெக்கையப் பாத்தே ரகஞ் சொல்லுதவன் நான். லெகார்ன்னா இம்புட்டு நெஞ்சு இருக்காது. அசீல்னா இந்த ஒசரம் பத்தாது. தீனி என்ன போடுத?"

"மிஞ்சுன இட்லிதான். அதையும் மாடியிலதான் வைப்பேன். வேணும்னா ஏறி வந்து தின்னட்டும்."

"பாரு, கால எப்படி ஊணி நிக்கின்னு!" பேச்சிராஜாவுக்கு வாயெல்லாம் பல். "இந்த ரகந்தான் எனக்கு வேணும். எங்க வாங்குன, அத மட்டும் சொல்லு. எம் பொழப்பே இதுலதான் இருக்கு."

அவள் முகம் சுண்டிப்போனது. "விடுங்க அண்ணாச்சி. அதெல்லாம் எதுக்கு?"

இவர் விடாக்கண்டன் என்றால் அவள் கொடாக்கண்டியாக இருந்தாள். மூன்று தரம் கேட்டும் பேச்சை மாற்றிவிட்டாள். நாலாவது தரம் அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இட்லிக்காரி வீட்டில் இப்படியொரு ராஜசேவல் எப்படி வந்தது?

"யாரு பண்ணையிலருந்தாவது தூக்கிட்டு வந்துட்டியா?"

சத்தமாகவே கேட்டுவிட்டார். எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஜயலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. "திருடல அண்ணாச்சி. போன தீவாளிக்கு எங்க வீட்டுல அவுகளுக்கு வேலை இல்ல. பிள்ளைக கறி கறின்னு அழுதுச்சு. கொழம்பு வைக்கத்தான் எடுத்தாந்தேன்."

சொல்லச் சொல்ல, வெட்கத்தில் அவள் உடம்பே குறுகியது. "அறுக்கலாம்னு கழுத்தப் பிடிச்சேன். அதால எந்திரிக்கக்கூட முடியல. ஆனா என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. எனக்கு மனசு வரல."

"எடுத்தாந்தியா? எங்கருந்து?" பேச்சிராஜா விடவில்லை.

குழாயடி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவள் சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஒங்க கடைக் கச்சரா டிரம்முலருந்துதான் அண்ணாச்சி."