வெள்ளையில் மஞ்சள்

"வெள்ளைப் பின்னணியில வெளிர் மஞ்சள் எழுத்தா? பூதக்கண்ணாடி வெச்சாலும் தெரியாதுடி!"

மகனின் பூச்செடிக் கடைக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்த அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் போட்டிருந்த அடர்பச்சை எழுத்து பளிச்சென்று இருந்தது. மனைவியோ பிடித்த பிடியை விடவில்லை.

"மஞ்சளே இருக்கட்டும். அவன் போன் நம்பரை மட்டும் கறுப்புல பெருசாப் போடுங்க."

"செடி பேரு, விலை எதையுமே படிக்க முடியலைன்னா எவன் வருவான்?"

"நீங்க முதன்முதல்ல ஒரு லைப்ரரிக்கு வெப்சைட் பண்ணீங்களே, அது என்ன நிறம்?"

அவர் கை மவுஸிலேயே நின்றது.

"இதே கண்றாவிதான். கீழே, செஞ்சவன்னு போட்ட என் நம்பர் மட்டும் கறுப்பு."

"அதைப் பார்த்து ஒருத்தி போன் பண்ணினாளே?"

"பண்ணினா. 'கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?'ன்னு திட்டினா. மறுநாளும் பண்ணினா." அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இப்போ பக்கத்துல உட்கார்ந்து உயிரை வாங்குறா."

"நம்ம பையனுக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. செடியைத் தவிர வேற எதையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேங்கிறான். எவளாவது போன் பண்ணித் திட்டட்டுமே!"

அவர் அடர்பச்சையை அழித்தார். மஞ்சளைப் போட்டு, அதையும் இன்னும் கொஞ்சம் வெளிற வைத்தார்.