112-ஆம் எண் கம்பி

பழைய பட்டாளத்துத் துப்பாக்கி அது. குழல், கட்டை, விசை எல்லாவற்றிலும் அதை ஏந்திய சிப்பாயின் எண் 47 பொறித்திருந்தது; மருந்து இடிக்கிற கம்பியில் மட்டும் 112. பாகங்கள் அசல்தானா என்று பார்க்க லென்சோடு ஒரு நிபுணர் வந்ததும் கம்பி புலம்பத் தொடங்கியது.

"என்னால உங்க எல்லாருக்கும் தலைகுனிவு. என்னைக் கழட்டி எறிஞ்சிடுவாரு."

"சும்மா கிட," என்றது குழல். "சண்டை மும்முரத்துல நம்ம சிப்பாய் சவரிராயன், மருந்து இடிச்ச பழைய கம்பியை எனக்குள்ளேயிருந்து உருவ மறந்து சுட்டுட்டான். அது குண்டோட பறந்துடுச்சு. செத்துக் கிடந்த கூட்டாளியோட துப்பாக்கியிலிருந்து உன்னை எடுத்தான். நீ வந்த பிறகுதானே நான் மறுபடி வெடிச்சேன்!"

நிபுணர் கம்பியை உருவினார். இரண்டு எண்களுக்கும் மேலே ஒரே படையின் முத்திரை. வெகுநேரம் பார்த்தார். பிறகு கம்பியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, சீட்டில் எழுதினார்: 'இரண்டு சிப்பாய்களின் துப்பாக்கி.'