சிறுக்க மறுத்த ரம்பம்

மரமும் இரும்பும் வாய்விட்டுப் பேசிய காலத்தில், ஒரு மர மில்லில் பெரிய வட்ட ரம்பம் ஒன்று இருந்ததாம். அதன் பல்லை ராவிக் கூராக்க அரம் வந்தது.

"கிட்ட வராதே தம்பி! ஆகப் பெரிசுன்னுதான் என்னை வாங்கினாங்க. நீ ராவ ராவ நான் சிறுத்துப்போறேன்" என்று ரம்பம் விரட்டியது.

"மழுங்கினா கழற்றிடுவாங்க அண்ணே."

"இவ்வளவு அகலமான என்னையா? பார்க்கலாம்!"

நாலாம் நாள் ரம்பம் மழுங்கி, அறுத்துக்கொண்டிருந்த வேங்கைக்கட்டை பாதியிலேயே புகைந்தது. "அண்ணே, அறுக்கிறீங்களா, சுடுறீங்களா?" என்று கேட்டது கட்டை.

மேஸ்திரி பிச்சாண்டி ரம்பத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டார்.

"பார்த்தியா தம்பி! கொஞ்சம் சிறுத்திருந்தாலும் உள்ளே விழுந்திருப்பேன்" என்றது ரம்பம்.

அரம் புது ரம்பத்தை ராவப் போய்விட்டது.