சொர்ணத்தை வெட்டிய பிறகு

சொர்ணத்தை வெட்டியபோது அவளுக்குக் கை நடுங்கவில்லை.

ஊரே கொண்டாடும் பழைய நாவல். தலையணை கனம். கல்லூரித் துணைப்பாடமாக அதை நூற்றிருபது பக்கத்துக்குள் சுருக்கித் தர வேண்டும். யாரையாவது வெட்டாமல் எப்படி முடியும்?

கதாநாயகனைத் தொட முடியாது. அவன் காதலியை, குடியைக் கெடுக்கும் சித்தப்பாவை, சாகும்வரை வசனம் பேசும் தாயாரைத் தொட முடியாது. மிஞ்சியது சொர்ணம். கதாநாயகனின் விதவை அக்கா. நாவல் முழுக்க வாயே திறக்காதவள். வருவாள், எதையாவது செய்வாள், போவாள்.

கதைக்கு அவள் கறிவேப்பிலை. எடுத்துப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஒரே மாலையில் இவள், சொர்ணம் என்ற பெயர் வந்த இடமெல்லாம் கோடு கிழித்து ஆளை ஒழித்துவிட்டாள். அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று அச்சகத்திலிருந்து, சுருக்கிய நாவலின் புரூப் பிழை பார்க்க வந்தது. சாப்பாட்டு மேசையில் அதைப் புரட்டிக்கொண்டிருந்த கணவர் திடீரென்று சிரித்தார்.

"என்ன இது, பேய் வீடா? அவன் வந்ததும் கதவு தானா தொறக்கு. எலையில சோறு தானா விழுது. தாயார் செத்ததும் கண்ணு தானா மூடுது!"

இவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

அவர் தட்டில் ஒரு தோசை விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே பிய்த்தார்.

வைத்தது மதினி. கணவரின் அக்கா. தாலியறுத்து இந்த வீட்டுக்கு வந்தவள்.

இவள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிய வருடங்களில் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தது மதினி. ஆய்வேட்டின் நன்றியுரையில் நூலகர் முதல் தட்டச்சு செய்தவர்வரை எல்லோருக்கும் இடம் இருந்தது. மதினி பெயர் இல்லை.

வேண்டுமென்று விட்டதல்ல. ஞாபகமே வரவில்லை. அதுதான் கேவலம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. தோசைக் கரண்டியோடு அடுக்களைக்குத் திரும்பும் அந்த முதுகை இவளால் பார்க்க முடியவில்லை. என்றைக்குப் பார்த்தோம் என்றும் தோன்றியது.

புரூப் நாளைக் காலை திரும்பிப் போக வேண்டும். சொர்ணத்தை உள்ளே விட ஒரு பக்கம்கூட மிச்சமில்லை.

எழுந்தாள். அடுக்களை வாசலில் போய் நின்றாள். இத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"நீங்க சாப்பிட்டீளா, மதினி?"

மதினி பதறிப்போய் அடுப்பைத் தணித்தாள்.

"ஏன்? சட்னியில உப்பு கூடிப்போச்சோ?"