எட்டாயிரம் பாயிண்ட்

“ஏலே இசக்கிமுத்து, மூணு மூட்டை அரிசி வாங்கியிருக்கேன். பாயிண்ட்ட ஏத்துதியா, இல்ல கடைய இழுத்து மூடுதியா?”

இராஜபாளையத்து சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கத்தியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சுந்தரபாண்டியன். பிளவக்கல் பக்கம் நாற்பது ஏக்கர் தென்னந்தோப்பு, வீட்டு வாசலில் இரண்டு கார்.

“சத்தம் போடாதீய அண்ணாச்சி. அரிசிக்குப் பாயிண்ட் கெடையாது. போர்டுலயே எழுதிப் போட்டிருக்கு” என்றார் மேனேஜர் இசக்கிமுத்து.

அந்தக் கடையில் நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஐந்து பாயிண்ட். எட்டாயிரம் சேர்ந்தால், விமானக் கம்பெனிப் பாயிண்ட்டாக மாற்றி ஒரு டிக்கெட் எடுக்கலாம். அந்தச் சலுகை இன்று மாலை ஆறு மணியோடு சரி. நாளையிலிருந்து பாயிண்ட்டுக்குப் பிளாஸ்டிக் குடமும் பக்கெட்டும்தான்.

அண்ணாச்சியிடம் இருந்தது ஏழாயிரத்து முந்நூறு. மணி ஐந்தே கால்.

அவருக்கு இந்தப் பாயிண்ட்டுப் பைத்தியம் பிடித்து ஆறேழு மாதம்தான் இருக்கும். யார் வீட்டுக் காதுகுத்துக்குச் சாமான் வாங்கினாலும் கூடவே வந்து நின்று, “என் போன் நம்பரச் சொல்லுப்பா” என்பார். மடவார் வளாகத்தில் ஒரு வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்துக்கே வந்து நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“டிக்கெட்டே ஏழாயிரம் ரூவாதான் அண்ணாச்சி. பையில அம்புட்டுப் பணம் வச்சிருக்கீய. பேசாம காசப் போட்டு எடுத்திருங்களேன்” என்றார் இசக்கிமுத்து, தணிந்த குரலில்.

“காசு போட்டு எடுக்க எனக்குத் தெரியாதாலே? பாயிண்ட்லதான் வேணும்!”

அரிசியை அப்படியே விட்டுவிட்டுத் தள்ளுவண்டியோடு ஓடினார். நெய், முந்திரி, ஷாம்பு, ஊதுபத்தி என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் அள்ளிப் போட்டார். நாயே வளர்க்காத மனிதரின் வண்டியில் நாய் பிஸ்கட் நாலு பாக்கெட் இருந்தது.

“ஏழாயிரம் டிக்கெட்டுக்குப் பதினாலாயிரத்துக்குச் சாமானா?” வரிசையில் நின்ற வெங்கடேஸ்வரி, பக்கத்தில் நின்றவளை முழங்கையால் இடித்தாள். “ஓசின்னா எம்புட்டுச் செலவு பண்ணியும் வாங்குவாக போல.”

பில் போடும் பெண் ஜாஸ்மின் கடைசிச் சாமானைத் தட்டியபோது ஐந்து நாற்பது. பாயிண்ட் எட்டாயிரத்து நாலு. அவருடைய போனை வாங்கி, விமானக் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து, பாயிண்ட்டை மாற்றினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“யார் போறாங்க அண்ணாச்சி? பேரு, வயசு சொல்லுங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். “எல்லாம் இதுல இருக்கு தாயி. அந்தத் தேதிதான். அடுத்த வாரம்னா பிரயோசனமில்ல.”

“திரும்பிப் போறதுக்கு?”

“அது வேண்டாம். வந்தாப் போதும்.”

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. ஜாஸ்மின் நிமிர்ந்தாள். “டிக்கெட்டுக்குப் பாயிண்ட் கழிஞ்சிருச்சு. வரி ஆயிரத்து நூறு மட்டும் காசாத்தான் கட்டணுமாம்.”

பதினாலாயிரத்தை எண்ணாமல் தூக்கிப் போட்ட கை, இப்போது பைப் பக்கமே போகவில்லை.

“நீ கட்டிரு தாயி.”

“நானா?”

“ஆமா. ஆனா, நான் திருப்பித் தர மாட்டேன்.”

வரிசை கொல்லென்று சிரித்தது. ஜாஸ்மினுக்குச் சுர்ரென்று ஏறியது. “வெளையாடுதீயளா? என் சம்பளமே ஒம்பதாயிரம்!”

ஐந்து ஐம்பத்தாறு. நாற்பது ஏக்கர்க்காரர் அத்தனை பேர் முன்னாலும் கை இரண்டையும் கூப்பிவிட்டார். கண் கலங்கியிருந்தது. மேஜைக்கு மேலாகக் குனிந்து, அவள் காதருகே ஏதோ சொன்னார். பின்னால் நின்ற ஒருவருக்கும் அது கேட்கவில்லை; அதில் வெங்கடேஸ்வரிக்குப் பெரிய வருத்தம்.

ஜாஸ்மின் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து ஆயிரத்து நூறைக் கட்டினாள். டிக்கெட் வந்தபோது ஐந்து ஐம்பத்தெட்டு.

அந்த வாரக் கடைசியில் ஹைதராபாத் விமானத்திலிருந்து மதுரையில் இறங்கியவள், அவருடைய ஒரே மகள் நாச்சியார். இராஜபாளையம் மில்லில் வேலை பார்த்த கௌதம்ராஜை அப்பா பேச்சை மீறிக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடம். இப்போது எட்டு மாத வயிறு.

‘தலைப்பிரசவத்துக்கு வாரவளுக்கு ஓசி டிக்கெட்! அதுலயும் வரியக் கடைக்காரப் புள்ள தலையில கட்டிட்டான் கஞ்சப்பய’ என்று இரண்டு ஊரும் சிரித்தது.

நாச்சியார் பெண் குழந்தையோடு ஹைதராபாத் திரும்பினாள். தை மாதம் ஜாஸ்மினுக்குக் கல்யாணமாகி அவள் திருப்பூர் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்தில் அண்ணாச்சி இருபத்தையாயிரம் மொய் வைத்ததும் ஊர் காரணம் தேடிக் கிளம்பியது.

பஸ் ஏறும் முன்னால் வெங்கடேஸ்வரி விடாமல் பிடுங்கி எடுத்த பிறகுதான், அன்று அண்ணாச்சி தன் காதில் சொன்னதை ஜாஸ்மின் சொன்னாள்.

“எம் மவளுக்கு ஒத்தப் பைசா செலவழிக்க மாட்டேன்னு கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன், தாயி.”